1967 ஜீப்பில் பொலிரோ இன்ஜின் உட்காருமா?

கடிதம் எழுதிய தம்பி கேட்டிருப்பது இதுதான். வீடு பட்டிவீரன்பட்டியில், காப்பித் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். தாத்தா வாங்கிய 1967 மஹிந்திரா ஜீப், பெட்ரோல் வண்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, ஆர்.சி. சுத்தமாக இருக்கிறது. மலை ஏறும்போது இரண்டாம் கியரில் திணறுகிறது, ஒன்றுக்கு மாற்றினால் அலறுகிறது. பொலிரோவின் டி.ஐ. டீசல் இன்ஜினை இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும், ஒன்றரை லட்சம் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். உட்காருமா, உட்காராதா? உட்காரும். மதுரையைச் சுற்றி அப்படி மாற்றிய ஜீப்புகள் நிறைய ஓடுகின்றன. முப்பது வருஷத்தில் நானே பத்துப் பன்னிரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இந்த வண்டி ஏன் மலை ஏற மாட்டேன் என்கிறது? முதலில் அதற்குப் பதில் தெரிய வேண்டும்.

உங்கள் ஜீப்பே ஒரு இன்ஜின் மாற்றத்தில் பிறந்த வண்டிதான். உலகப் போர் ஜீப்பில் இருந்தது 'கோ டெவில்' என்ற 2199 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். அந்த ஜீப்புக்கு பானெட் தாழ்வாக இருக்கும். பிறகு வில்லிஸ் கம்பெனி அதே அளவில், காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்டேக் வால்வை மட்டும் மேல்மூடியான ஹெட்டுக்கு ஏற்றி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைக் கீழே சிலிண்டர் பிளாக்கிலேயே விட்டு, 'ஹரிக்கேன்' இன்ஜினைச் செய்தது. குதிரைத்திறன் 70ஐத் தாண்டியது, ஆனால் இன்ஜின் உயரமாகிவிட்டது, பானெட் மூடவில்லை. பானெட்டையும் கிரில்லையும் தூக்கி வைத்து 1953இல் சிஜே3பி என்று வெளியே விட்டார்கள். உங்கள் வண்டிக்கு இருக்கும் அந்த மேடான மூக்கு அப்படி வந்தது. மஹிந்திரா அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பானெட்டை உயர்த்தினார்களே தவிர, போருக்குப் பின் வந்த ஜீப்புகளில் கீழே இருந்த மூன்று கியர் டி-90 கியர்பாக்ஸும், இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேஸும் மாறவில்லை. கீழே உள்ளது எவ்வளவு தாங்குமோ அந்த அளவோடு மேலே நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊரில் இன்ஜின் மாற்றுகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான்.

இரண்டில் திணறல், ஒன்றில் அலறல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு கியர்பாக்ஸ்தான் ஞாபகம் வந்தது. டி-90இல் ஒன்றாம் கியர் விகிதம் 2.8, இரண்டாவது 1.55. நடுவில் பெரிய பள்ளம். ஆக்சில் விகிதம் 5.38. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி, அப்படியே இரண்டாம் கியரில் மிதித்தால் இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 950 அளவில்தான் இருக்கும். ஹரிக்கேன் நன்றாக இழுப்பது 2000க்குப் பக்கத்தில். அந்த 950இல் எந்தப் பழைய பெட்ரோல் இன்ஜினும் திணறத்தான் செய்யும். சரி என்று ஒன்றுக்கு மாற்றி 25 கிலோமீட்டர் போனால் சுற்று 2800ஐத் தாண்டும், அதுதான் உங்கள் காதில் விழும் அலறல். புது வண்டியாக இருந்தபோதும் இது இப்படித்தான். தாத்தா காலத்து டிரைவர் ஒன்றிலேயே பதினைந்து, பதினெட்டு என்று நிதானமாக ஏறியிருப்பார். பின்னால் யாரும் ஹாரன் அடித்திருக்க மாட்டார்கள். டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் போட்டால் விகிதம் 2.46 மடங்கு கூடும், ஆனால் இந்த வண்டியில் முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ விழாது. தோட்டத்து மண் பாதையில் தாராளமாகப் போடுங்கள். காய்ந்த தார் ரோட்டு வளைவில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்பர் கேஸைத் தின்றுவிடும்.

திணறலில் கியரின் பங்கு எவ்வளவு, இன்ஜின் தேய்மானம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரஷன் கேஜ் போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக எழுதி வையுங்கள். நாலுக்கும் இடையே 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் (போர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள் இருப்பதால் ஹெட்டை மட்டும் கழற்றி ரிப்பேர் செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி வேலைதான் நடந்திருக்கும். அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் இதற்காகச் செய்தவை அல்ல. ஊறி, இறுகி, ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் போகும். சித்திரை வெயிலில் பம்ப் சூடேறி பெட்ரோல் ஆவியாகிவிடுவதும் உண்டு. பம்ப் மேல் ஈரத் துணி சுற்றிக்கொண்டு மலை ஏறிய டிரைவர்களை நம் பக்கம் கேட்டால் சொல்வார்கள். உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் மேலே போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் இன்ஜினின் சக்தியும் அந்த அளவுக்கு இறங்கும். வத்தலக்குண்டில் துள்ளுகிற வண்டி தாண்டிக்குடியில் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் டி.ஐ.தான் வேண்டும் என்றால் அது என்ன தரும் என்று பார்க்கலாம். குதிரைத்திறனில் அது பெரிய இன்ஜினே இல்லை. டர்போ வைத்த 2523 சிசி டி.ஐ. 63 குதிரைத்திறன்; காகிதத்தில் உங்கள் ஹரிக்கேன் அதைவிடக் கூடுதல். அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கு, ஃபேன், சைலன்சர் எதுவும் மாட்டாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தது என்பதால் அதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். உண்மையான வித்தியாசம் டார்க்கில், அதாவது சுழற்றும் விசையில். ஹரிக்கேனுக்கு 2000 சுற்றில் சுமார் 155 நியூட்டன் மீட்டர், டி.ஐ.க்கு 1500 சுற்றிலேயே 180. வளைவில் இருந்து எழும்பும்போது அந்த இழுவை தெரியும், பொய் இல்லை. ஆனால் டி.ஐ. 3200 சுற்றோடு நின்றுவிடும். உங்கள் 5.38 ஆக்சிலோடு டாப் கியரில் கணக்குப் போட்டால் 78 கிலோமீட்டர்தான் உச்சம், அதுவும் கத்திக்கொண்டு. மதுரை-திண்டுக்கல் நாலுவழிச் சாலையில் லாரிக்காரர்கள் ஒதுங்கச் சொல்லி லைட் அடிப்பார்கள். இதற்கு மருந்து, ஆக்சிலுக்குள் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனை மாற்றுவது. மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு "நாலு வீல் எப்பவாவதுதானே போடுவோம்" என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 'எப்பவாவது' வரும் நாளில் டிரான்ஸ்பர் கேஸ் உடையும்.

கீழே இருப்பதன் கணக்கை நானும் ஒரு தடவை மறந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், சிறுமலையில் வாழையும் மிளகும் வைத்திருந்த ஒருவருக்கு டீசல் இன்ஜின் இறக்கிக் கொடுத்தேன். இன்ஜின் வேலை சுத்தமாக அமைந்தது, எனக்கே பெருமை. மூன்றாவது மாதம் சுமையோடு ஏறும்போது ஒரு வளைவில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. இந்த ஜீப்பின் பின் ஆக்சில் ஷாஃப்ட் நுனி கூம்பு மாதிரி சரிவாக இருக்கும். அதன் மேல் ஹப் ஏறி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கீதான் இரண்டையும் பிடித்திருக்கும். அந்தக் கீ அறுந்துவிட்டது. டிரைவர் காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கிறார். பிடிக்கவில்லை. ஏன் தெரியுமா? பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கீ போனால், சுழற்சியை இரு பக்கச் சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுற்றும், ஷாஃப்டை இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்காது. அவர் காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, கூட வந்த பையன் குதித்து ஓடிப் போய்க் கல் வைத்தான். முன் ஆக்சில் லீவரைத் தள்ளியிருந்தால் அதே ஹேண்ட்பிரேக் முன் சக்கரம் வழியாகப் பிடித்திருக்கும், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? தவறு என்னுடையது. இன்ஜின் மாற்றிய நான் ஹப் நட்டை ஒரு தடவை கழற்றிக் கீயைப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பின் ஹப் இரண்டையும் பிரிக்காமல் நான் எந்த இன்ஜினையும் இறக்கியதில்லை.

பிரேக்கும் அதே கதை. உங்கள் வண்டியில் 9 அங்குல டிரம், ஒரே லைன், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கனமான டீசலை முன்னால் ஏற்றி இந்த டிரம்மோடு பன்றிமலைச் சரிவில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் வந்த மஹிந்திரா ஜீப்புகளின் பெரிய டிரம்களும் இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும் முதலில் ஏற வேண்டும். பூஸ்டர் வைப்பதாக இருந்தால் ஒன்று: டீசலுக்கு பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டில் வாக்குவம் கிடையாது, ஆல்டர்னேட்டரோடு வாக்குவம் பம்ப் வர வேண்டும். இதையே இன்னொரு விதமாகவும் தெரிந்துகொள்வீர்கள். உங்கள் வைப்பர் இன்னும் பழைய வாக்குவம் வைப்பராக இருந்தால், டீசல் போட்ட பிறகு வரும் முதல் மழையில் அது அசையாது.

இறக்கும் வேலையில் மூன்று இடங்களில் கண் இருக்க வேண்டும். முதலாவது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் அடாப்டர் பிளேட். கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் ஓட்டை போட்டால் முதலில் பைலட் பேரிங் போகும், அப்புறம் கியர்பாக்ஸ் முன் பேரிங் ஊளையிடும், கடைசியில் கியர் தானாகக் கழன்று விழும். மதுரை கே. புதூர் தொழிற்பேட்டையில் இதைச் சுத்தமாகக் கடைந்து தரும் லேத்துக்காரர்கள் இருக்கிறார்கள். கூலி கூடக் கேட்டாலும் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டாவது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கும் முன் ஆக்சிலுக்கும் இடையே உள்ள சந்து. ஜாக்கியில் தூக்கி வைத்துப் பார்த்தால் நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். வண்டியைத் தரையில் இறக்கி, ஆக்சில் மேல் ஒரு களிமண் உருண்டையை ஒட்டிவிட்டு, வேகத்தடை ஒன்றில் ஏற்றி இறக்கிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை தட்டையாகியிருந்தால் ஒருநாள் சம்ப் உடையும். முன் ஸ்பிரிங் பட்டையில் ஒன்றிரண்டு கூட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, சேசிஸ். ஹரிக்கேன் முன் முனையிலும் கியர்பாக்ஸுக்கு அடியிலும் தாங்கப்படுவது. நடுவில் சுமை தாங்க அந்தச் சட்டத்தைச் செய்யவில்லை. டீசலின் உதறல் அங்கே விழும்போது, பிராக்கெட்டைக் குறுக்காக வெல்டிங் வைத்திருந்தால் வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். உள்ளே ஒரு தகடு கொடுத்து போல்ட் போட்டு முறுக்குவது நல்லது. ஐந்து கியர் பாக்ஸும் சேர்த்து வைக்கலாமே என்பார்கள். வீல்பேஸ் 80 அங்குலம்தான், பாக்ஸ் நீண்டால் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் முழங்கை நீளத்துக்குச் சுருங்கிச் செங்குத்தாக நிற்கும், ஷாஃப்டின் மூட்டான கிராஸ் அடிக்கடி போகும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டீசலுக்கு அதில் ஒரு ரிட்டர்ன் குழாயும் இறக்க வேண்டும். இத்தனையும் சேர்த்தால் உங்களுக்குச் சொன்ன ஒன்றரை லட்சம் இன்ஜினுக்கும் அதை உட்கார வைக்கும் கூலிக்கும் மட்டும்தான் வரும் என்பது என் ஊகம்.

சட்டம். நான் மெக்கானிக், வக்கீல் இல்லை. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் வாகன ஆய்வாளரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விழலாம். ஊரில் எத்தனையோ வண்டி ஓடுகிறதே என்பது பதிலாகாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் இன்ஜின் நம்பரைப் பார்க்கும் அன்று அந்த எத்தனையோ வண்டிகளும் உதவிக்கு வராது. அதோடு 2021இல் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி வந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு நம்பர் கிடைக்கும். புதிதாக எடுக்க 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அந்தப் பதிவில் தினசரி ஓட்டமோ வாடகை ஓட்டமோ கூடாது என்பதால் தோட்ட வேலைக்கு ஒத்துவராது. ஆனால் உங்கள் ஜீப்புக்கு அந்த 50 வருஷம் 2017லேயே ஆகிவிட்டது, விதி வந்த நாளிலிருந்தே தகுதி உண்டு. இன்ஜினை மாற்றும் நாளில் அந்தத் தகுதி போய்விடும், கழற்றிய ஹரிக்கேனை பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் திரும்பவும் வராது.

நான் என்றால் என்ன செய்வேன் என்று கேட்டால், டி.ஐ. போட மாட்டேன். இது என் விருப்பம், இன்னொரு மெக்கானிக் வேறு சொல்லலாம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். தினமும் ஆள் ஏற்றி மலைக்குப் போக வேண்டும் என்றால் டீசலோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒன்றைத் தேடுங்கள். அதற்கு ஏற்ற பாக்ஸ், ஆக்சில், ஆர்.சி. எல்லாம் சேர்ந்தே வரும். தாத்தா ஜீப்புக்கு போரிங் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும் புதிதாக்கி, பெட்ரோல் குழாய் முழுவதும் மாற்றி, பிரேக்கைச் சுத்தமாக்குங்கள். பிறகு ஒன்றாம் கியரில் பதினைந்தில் ஏறுங்கள். டொயோட்டா, இசுசு என்று ஜப்பான் இன்ஜின் பேச்சும் யாராவது எடுப்பார்கள்; இந்தச் சேசிஸில் அவற்றை நான் இறக்கியதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. வண்டியை நேரில் பார்க்காமல் சேசிஸ் துருவைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. முன் ஸ்பிரிங் ஷேக்கிள் இருக்கும் இடத்தில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று கேட்க வேண்டும், 'சொத்' என்று கேட்டால் இன்ஜின் பேச்சையே எடுக்க வேண்டாம். இந்த வாரம் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு நாலு எண்களையும், ஆயில் விட்டபின் வந்த எண்ணையும் எழுதுங்கள். போரா, வால்வா என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.